வேடமும் வரலாறும்: விருப்பாச்சிப் பாளைய நிகழ்வுகளைப் பள்ளி மாணவர்க்கு மீள்நிகழ்த்துகை வழியே கற்பித்தல்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகப் பள்ளிகளில் பாளையக்காரர் போர் வரலாறு பெரும்பாலும் மாறுவேடப் போட்டியின் வழியே மேடையேறுகிறது. அவ்வேடம் வீரனின் தோற்றத்தையும் வசனத்தையும் தருகிறது. அவன் எதிர்கொண்ட சூழலையும் சான்றின் தன்மையையும் தருவதில்லை. பழனிமலை அடிவாரத்து விருப்பாச்சிப் பாளையத்தில் 1772 முதல் 1801 வரை நிகழ்ந்தவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வேடம் எவ்வாறு வரலாற்றுக் கல்வியாக மாறக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தெருக்கூத்தின் கட்டியங்காரன் இதற்கு ஏற்ற கருவி என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: மாறுவேடம், மீள்நிகழ்த்துகை, விருப்பாச்சி, வேலுநாச்சியார், கோபால நாயக்கர், கட்டியங்காரன், மெய்ப்பாடு.

1. முன்னுரை

விடுதலை நாளிலும் ஆண்டு விழாவிலும் கட்டபொம்மன், வேலுநாச்சியார் வேடமணிந்த குழந்தைகளைப் பள்ளி மேடைகளில் காண்பது வழக்கம். அட்டையால் செய்த வாள், மையால் வரைந்த மீசை, மனப்பாடம் செய்த வசனம் ஆகியன கட்டபொம்மன் வேடத்தின் கூறுகள். இவற்றுள் வசனம் பெரும்பாலும் பி. ஆர். பந்துலு இயக்கி, சிவாஜி கணேசன் நடித்து, 1959ஆம் ஆண்டு வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்திலிருந்து வருவது. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய அவ்வசனத்தைக் குழந்தை பேசும்போது அவையினர் 1799ஆம் ஆண்டின் குரலைக் கேட்பதாக எண்ணுகின்றனர். கேட்பதோ 1959ஆம் ஆண்டின் குரல்.

குழந்தையின் ஆர்வத்தைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. பாடநூலில் நான்கு வரியாகக் கிடக்கும் செய்தியை உடலாலும் குரலாலும் உணரச் செய்யும் ஆற்றல் வேடத்திற்கு உண்டு. அவ்வாற்றலை வரலாற்று அறிவாக மாற்றும் வழி யாது என்பதே வினா. நடந்து முடிந்த போர் முதலியவற்றை உரிய உடை, பொருள்களுடன் மீண்டும் நடித்துக் காட்டுவது ‘மீள்நிகழ்த்துகை’ என இங்குச் சுட்டப்படுகிறது. ஆங்கில மெய்யியலாளர் ஆர். ஜி. காலிங்வுட், அவர் மறைவுக்குப் பின் 1946இல் வெளிவந்த நூலில், வரலாற்றறிஞர் கடந்தகால மாந்தரின் சிந்தனையைத் தம் மனத்துள் மீள நிகழ்த்துகிறார் என்றார். அந்நோக்கில், உடையை மட்டும் மீட்டு அதனை அணிந்தவரின் சிந்தனையை மீட்காத நிகழ்த்துகை பாதியிலேயே நின்றுவிடுகிறது.

2. விருப்பாச்சியின் வரலாற்றிடம்

பழனிமலைத் தொடரின் வடக்கு அடிவாரத்தில், திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் வழியில், ஒட்டன்சத்திரத்தை அடுத்து விருப்பாச்சி உள்ளது. புவிசார் குறியீடு பெற்ற மலைவாழையின் பெயராக இவ்வூரை அறிந்த மாணவர் பலர். இவ்வூர் இருவேறு காலங்களில் கிழக்கிந்தியக் கம்பெனி எதிர்ப்பின் மையமாக விளங்கியது.

முதலாவது, 1772. ஆர்க்காட்டு நவாபின் படையும் கம்பெனிப் படையும் காளையார்கோவிலைத் தாக்கியபோது சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவர் மனைவி வேலுநாச்சியார் தம் மகள் வெள்ளச்சியுடன் தப்பி, கோபால நாயக்கரின் பாதுகாப்பில் விருப்பாச்சியில் எட்டாண்டுகள் தங்கினார். அவர் சார்பில் தாண்டவராயர் 5000 காலாட்களும் 5000 குதிரை வீரர்களும் வேண்டி ஹைதர் அலிக்கு மடல் எழுதினார் எனப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூல் குறிப்பிடுகிறது. அவ்வுதவியுடன் 1780இல் சிவகங்கை மீட்கப்பட்டது.

இரண்டாவது, 1800–1801. மணப்பாறை இலட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூஜை நாயக்கர் ஆகியோரை இணைத்துக் கோபால நாயக்கர் திண்டுக்கல் கூட்டமைப்பை உருவாக்கினார். 1800 ஜூன் 3 அன்று கோயம்புத்தூர்க் கோட்டையைக் கைப்பற்றக் கிளர்ச்சியாளர் வகுத்த திட்டம் தோல்வியுற்றது. பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். 1801இல் கோபால நாயக்கரும் வீழ்த்தப்பட்டார். இக்கிளர்ச்சியைத் தென்னிந்தியா தழுவிய ஒன்றாகக் கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக நிறுவினார்.

இவ்விரு நிகழ்வுகளிலும் மையமாக நிற்பது வாட்போர் அன்று. அடைக்கலம், மடல், கூட்டணி, தோல்வி ஆகியனவே இங்கு முதன்மை பெறுகின்றன. மாறுவேடப் போட்டி இவற்றுக்கு இடமளிப்பதில்லை.

3. பெருமிதத்தின் விரிவு

பள்ளி மேடையில் பெரிதும் வெளிப்படுவன வெகுளியும் பெருமிதமும் ஆகிய இரு மெய்ப்பாடுகள். ஆனால் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின்படி பெருமிதம் தறுகண்மையால் மட்டும் பிறப்பதன்று. கல்வியும் புகழும் கொடையும் அதற்கு நிலைக்களன்களே. இவ்விலக்கணத்தைக் கொண்டு நோக்கினால், வலிமை மிக்க எதிரியின் சினத்திற்கு அஞ்சாது அடைக்கலம் தந்தது கொடைவழிப் பெருமிதம்; மொழியறிவாலும் அரசியல் அறிவாலும் படையுதவி பெற்றது கல்விவழிப் பெருமிதம். கணவனையும் நாட்டையும் இழந்து வந்தவரிடம் இழவால் பிறக்கும் அழுகையும், அடைக்கலம் தந்த ஊரார்க்கு இயல்பாக எழக்கூடிய அச்சமும் இந்நாடகத்திற்கு உரியனவே. அச்சத்தை நடித்தறியாத மாணவர் துணிவின் விலையை உணர்தல் அரிது.

எனவே காட்சிகளை முடிவிலிருந்து தொடங்காமல் முடிவெடுக்கும் தருணத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். ‘1772: அடைக்கலம் தரலாமா?’ என்பது ஒரு காட்சி. பாளையக்காரர், நெற்களஞ்சியக் காவலர், குழந்தையுடன் நிற்கும் உழவர் மகள், எல்லைக் காவலர் ஆகிய வேடங்களில் மாணவர் தத்தம் நிலையிலிருந்து வாதிடலாம். ‘மடலில் எதை எழுதுவது, எதற்கு ஈடாக உதவி கேட்பது?’ என்பது மற்றொன்று. கோயம்புத்தூர்த் திட்டம் தோற்ற செய்தி விருப்பாச்சிக்கு எட்டும் நாள் மூன்றாவது. பிரித்தானிய நாடகக் கல்வியாளர் டோரதி ஹெத்கோட் கையாண்டது போல், ஆசிரியரும் தூதுவராகவோ ஐயம் எழுப்பும் முதியவராகவோ வேடமேற்று, காட்சியின் உள்ளிருந்தே வினாத் தொடுக்கலாம்.

4. சான்றின் குரல்: கட்டியங்காரன்

வேடத்தின் பெருஞ்சிக்கல் அது எல்லாவற்றையும் ஒரே அளவு உறுதியுடன் காட்டுவதே. குயிலி தம் உடலில் தீயிட்டுக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கை அழித்தார் என்பதைப் பாடநூல் ‘கூறப்படுகிறது’ என்ற கேள்விவழிச் செய்தியாகவே தருகிறது. மேடையில் சிறுமி குயிலியாக நிற்கும்போது அச்சொல் மறைந்துவிடுகிறது. காளையார்கோவில் தாக்குதலும் குயிலியின் ஈகமும் சான்றளவில் ஒன்றே என அவை கொள்கிறது. ‘என்ப’, ‘என்மனார்’ எனப் பிறர் கூற்றைப் பிரித்துக் காட்டும் மரபுடைய மொழிக்கு இவ்விழப்பு சிறிதன்று.

இதற்குத் தீர்வு நம் கூத்து மரபிலேயே உண்டு. தெருக்கூத்தின் கட்டியங்காரன் கதைக்குள்ளும் வெளியிலும் நிற்பவன்; பாத்திரத்தை அறிமுகம் செய்வான், அதனிடம் வினா எழுப்புவான், அவையோடு நேரே பேசுவான். பள்ளி நிகழ்த்துகையில் இப்பாத்திரம் ஏற்கும் மாணவர் ஒவ்வொரு காட்சியிலும், ‘இது ஆவணத்தில் உள்ளது, இது மக்கள் சொல்லி வருவது, இவ்வுரையாடல் நாங்கள் புனைந்தது’ என மூன்றாகப் பகுத்துரைக்கலாம். இப்பகுப்பு மக்கள் வழக்காற்றை இழிவுபடுத்துவதாகாது. ஒரு சமூகம் எதனை நினைவில் வைக்க விரும்பியது என்பதற்கு வழக்காறே சான்று. அதனை வழக்காறாக அறிவதே அதற்குரிய மதிப்பு.

5. இடமும் பொருளும்

மலைமேல் உள்ள கொடைக்கானல் மாணவர்க்கு இந்நிகழ்த்துகை மற்றொரு பயிற்சியாகும். லெப்டினன்ட் பி. எஸ். வார்டு வெள்ளகவி வழியே இம்மலையை அளந்தது 1821இல். அமெரிக்க மறைப்பணியாளர் இங்குக் குடியிருப்பு அமைத்தது 1845இல். லெவிஞ்சு ஏரியை உருவாக்கியது 1863இல். கோபால நாயக்கர் காலத்தில் இன்றைய நகரமும் இல்லை, ஏரியும் இல்லை. ஏரியைப் பின்திரையாக வரைய முற்படும் மாணவர், ‘அப்போது இங்கு யார் இருந்தனர்?’ என வினவும்போது பளியர், குன்னுவர் முதலிய மலைவாழ் மக்களின் வரலாற்றை அடைகிறார். பின்திரையில் எதை வரையக் கூடாது என ஆராய்வதே காலப்பிழையை உணர்த்தும் சிறந்த பாடம்.

6. கவனத்திற்குரியன

இருவகை எச்சரிக்கை தேவை. முதலாவது உடற்பாதுகாப்பு. பகத்சிங் தூக்கிலிடப்பட்ட காட்சியை ஒத்திகை பார்த்த சிறுவர் உயிரிழந்த துயரங்கள் இந்தியாவில் நேர்ந்துள்ளன. ஆகவே தூக்கு, தீக்குளிப்பு ஆகியவற்றை எந்நிலையிலும் நடித்துக் காட்டலாகாது. கட்டியங்காரனின் கூற்றாகவே அவை அமைதல் வேண்டும். இரண்டாவது சமூகப் பாதுகாப்பு. பாளையக்காரர் பலர் இன்று சாதி அடையாளங்களாகவும் முன்னிறுத்தப்படுகின்றனர். வேடத்தைப் பிறப்பை ஒட்டி வழங்காமல் காட்சிதோறும் மாற்றி வழங்குவதால், எவ்வீரரும் எக்குழந்தைக்கும் அயலாகார். பாளையக்காரராக நடித்த மாணவர் அடுத்த காட்சியில் களஞ்சியக் காவலராகவும், கம்பெனிப் படையில் ஊதியத்திற்குச் சேர்ந்த உள்ளூர்ச் சிப்பாயாகவும் நிற்றல் நன்று.

7. முடிவுரை

அட்டை வாளையும் மை மீசையையும் அகற்ற வேண்டியதில்லை. அவற்றோடு முடிவெடுக்கும் சூழல், எளிய மாந்தர், சான்றுரைக்கும் கட்டியங்காரன் ஆகிய மூன்றையும் சேர்த்தல் போதும். இதற்கு மிகு பொருட்செலவும் தேவையில்லை. பாடநூலின் சில பக்கங்களும், ஒரு வகுப்பறையும், விருப்பாச்சியில் உள்ள கோபால நாயக்கர் மணிமண்டபத்திற்கு ஒருமுறை சென்றுவரும் வாய்ப்பும் தொடக்கத்திற்குப் போதுமானவை. வீரரைப் போல் பேசக் கற்ற குழந்தை கைதட்டல் பெறும். அவர் முன் இருந்த வழிகள் எவை, அவற்றை நாம் எதனால் அறிகிறோம் எனக் கேட்கக் கற்ற குழந்தை, வேடம் கலைந்த பின்னும் வரலாற்றைத் தன்னுடன் கொண்டு செல்லும்.