கொசுவைத் தின்ற மீன் பாசியை வளர்த்தது

நைனிதாலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஏரி என்றால் படகுச் சவாரி. ஊர்க்காரர்களுக்கு அதுதான் குடிநீர். கரையோர ஆழ்குழாய்க் கிணறுகளில் ஊறி வருவதிலும் ஏரித் தண்ணீருக்குப் பெரும் பங்கு உண்டு. ஏரி பச்சை பூத்தபோது பழி முழுக்கச் சாக்கடை மீது விழுந்தது. நியாயம்தான், கழிவுநீர்தான் பாசிக்கு உரம். ஆனால் இன்னொரு குற்றவாளி தண்ணீருக்குள்ளேயே நீந்திக்கொண்டிருந்தது: விரல் நீளம்கூட வராத கம்பூசியா மீன்.

அமெரிக்க இனமான இது 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டது, கொசுப்புழுவைத் தின்று மலேரியாவை ஒழிப்பதற்காக. அது புழுவோடு நிற்கவில்லை. பாசியை மேய்ந்து வாழும் டாஃப்னியா போன்ற நுண்ணிய நீர்ப்பூச்சிகளையும் தின்று தீர்த்தது. ஆட்டு மந்தையைப் புலி அடித்தால் புல் தழைக்கத்தானே செய்யும்?

பாசி வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. சுத்திகரிப்பு நிலையத்தின் மணல் வடிகட்டிகள் அடைத்துக்கொள்ளும். குளோரினும் அதிகம் செலவாகும். நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. 2007 மே இறுதியில் சீனாவின் தாய்ஹு ஏரியில் பாசி மண்டியபோது, வூஷி நகரில் சுமார் 20 லட்சம் பேரின் குழாய்த் தண்ணீர் நாற்றமெடுத்துக் குடிக்க லாயக்கற்றுப் போனது.

சீனர்களின் வைத்தியம் நேரடியானது: பாசியையே வடிகட்டித் தின்னும் வெள்ளிக் கெண்டை. வூஹானின் தோங்ஹு ஏரியில் 1985-ல் பாசிப் படலம் மறைந்ததற்கு இதுவும் பெருந்தலைக் கெண்டையுமே காரணம் என்று, ஏரிக்குள் தடுப்பு கட்டி நடத்திய சோதனைகளில் காட்டினார்கள். ஆனால் மிகப் பொடியான பாசி அதன் செவுளில் சிக்காமல் நழுவிவிடும்.

நைனிதால் வேறு வழியில் போனது. 2007-ல் ஏரியின் அடியில் குழாய் பதித்துக் காற்று செலுத்தத் தொடங்கினார்கள். அதையடுத்து, பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழக மீனியல் வல்லுநர்களின் துணையோடு கம்பூசியாவை வலை வீசி அகற்றி, அங்கு அருகிப்போயிருந்த மாசீர் மீனின் குஞ்சுகளை விட்டார்கள். தண்ணீர் தெளிந்ததில் மீனுக்கு எவ்வளவு பங்கு, காற்றுக்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

கம்பூசியா முட்டையிடுவதில்லை, குட்டி போடும் இனம். வலைக்குத் தப்பிய சில தாய்மீன்கள் போதும், மறுபடி வலை வீச வேண்டியதுதான்.