தலதா மாளிகையின் மேளவொலி: சமூக அடித்தளம் பற்றிய ஒரு குறிப்பு

கண்டித் தலதா மாளிகையிலே பூசைவேளையில் முழங்கும் ஹேவிசி மேளம் கேட்போர் உள்ளத்தை ஒருமுகப்படுத்துவது அனுபவ உண்மை. எனினும், அட்டசீலம் ஏற்றோர் ஆடலையும் பாடலையும் இசையையும் விலக்கவேண்டுமென்பது பௌத்த நெறி. அந்நெறியின் தலையாய திருத்தலத்தில் மேளம் ஓயாதிருப்பதைச் சமயக் கோட்பாட்டால் மட்டும் விளக்கிவிட முடியாது.

விடை நிலவுடைமை முறையிலே உள்ளது. கோயிற் காணியை அனுபவித்தோர் அதற்கீடாக ஊழியஞ் செய்தனர். மேளம் பெரவா சாதியினரின் கடனாயிற்று. ஊழியத்துக்குப் பதிலாகப் பணஞ் செலுத்த 1870ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. சாதியிழிவை அது தொடவில்லை. பக்தர் பெறும் அமைதிக்குப் பின்னால் இவ்வுழைப்பு உண்டென்பதை நம் கலை வரலாற்றாசிரியர் பெரிதும் பேசுவதில்லை.

இவ்விசையைத் தனியோர் இனத்தின் உடைமையாகக் கொள்வதும் பொருந்தாது. தவுல, தம்மெட்டம், ஹொரணை ஆகியவற்றை நம் தவில், தம்பட்டம், நாகசுரம் ஆகியவற்றின் அருகே வைத்து நோக்கினால் உறவு புலப்படும். இவற்றைப் புரந்த அரசவையும் அத்தகையதே. 1753இல் சீயத்துப் பிக்குகளைக் கொண்டு உபசம்பதாவை மீட்பித்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வழியினன். எசலப் பெரகராவிலோ தந்ததாதுவைத் தொடர்ந்து நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி தேவாலயங்களின் மேளங்களும் செல்கின்றன. அப்பத்தினி வேறு யாருமல்லள். மட்டக்களப்பிலே தமிழர் குளிர்த்தி பாடி வழிபடும் கண்ணகியே.