நாலே தட்டில் ஒரு நடனம்… தெரியுமா?

இரண்டு கால், கொஞ்சம் மரத்தரை. இவை இருந்தால் நீங்களும் தாள வாத்தியக்காரர்தான், தெரியுமா? காலால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் டேப் டான்ஸைக் கற்றுக்கொள்பவர்களின் முதல் பாடங்களில் ஒன்று ‘ஷஃபிள் பால் சேஞ்ச்’. மொத்தமே நாலு தட்டு! அதற்குள் ஏறக்குறைய முந்நூறு வருடக் கதை ஒளிந்திருக்கிறது.

முதல் இரண்டு தட்டும் ஒரே காலில், தெரியுமா?
இடது காலில் நில்லுங்கள். வலது காலை லேசாகத் தூக்கி, கணுக்காலைத் தளர விடுங்கள். முன்பாதம் தரையை உரசிக்கொண்டு முன்னே போகட்டும்: ஒன்று! உரசிக்கொண்டே திரும்பி வரட்டும்: இரண்டு! இதுதான் ஷஃபிள். அதே வலது முன்பாதத்தைச் சற்றுப் பின்னால் ஊன்றுங்கள்: மூன்று! உடனே இடது முன்பாதத்தை நின்ற இடத்திலேயே ஊன்றுங்கள்: நான்கு! இது பால் சேஞ்ச். உடல் எடை மறுபடி இடது காலுக்கே வந்துவிட்டது, கவனித்தீர்களா? வலது கால் விடுதலை! நிறுத்தாமல் அடுத்த சுற்றைத் தொடங்கலாம்.

ஓங்கி மிதித்தால் சத்தம் கெட்டுவிடும், தெரியுமா?
பலம் தேவையே இல்லை. முழங்காலுக்குக் கீழே கால் ஊஞ்சல் போல ஆடினால் போதும், தட்டுகள் தனித்தனியாகத் தெளிந்து கேட்கும். முதலில் மெதுவாக, வாய்விட்டு எண்ணிக்கொண்டு ஆடுங்கள். நாலும் ஒரே இடைவெளியில் விழுந்த பிறகுதான் வேகம். சிமென்ட் தரை மட்டும் வேண்டாம், முழங்காலுக்கு ஆகாது!

தடை போட்டும் தாளம் அடங்கவில்லை, தெரியுமா?
1739-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் கறுப்பின அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு வருடமே அவர்கள் முரசு கொட்டுவதற்குச் சட்டம் தடை போட்டது. கையும் காலும் உடம்புமே முரசாயின! அந்த ஆப்பிரிக்கத் தாளமும், அயர்லாந்தின் ஜிக் நடனமும், இங்கிலாந்தின் மரக்கட்டைச் செருப்பு நடனமும் கலந்து பிறந்ததுதான் டேப்.

ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸும் இதில் சொக்கிப்போனவர், தெரியுமா?
1842-ல் நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் பகுதியில் ஒரு கறுப்பின இளைஞரின் ஆட்டத்தைப் பார்த்து வியந்து எழுதினார். அந்த இளைஞர் ‘மாஸ்டர் ஜூபா’ எனப் புகழ்பெற்ற வில்லியம் ஹென்றி லேன் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

ஒற்றைக் காலிலும் டேப் ஆடலாம், தெரியுமா?
கிளேட்டன் பேட்ஸுக்கு 12 வயதில் பருத்திவிதை ஆலை விபத்தில் ஒரு கால் போயிற்று. கட்டைக்கால் பொருத்திக்கொண்டு ஆடினார். அந்தக் கட்டையிலிருந்தே தனி நாதம் எழுப்பினார்! ‘பெக் லெக் பேட்ஸ்’ என்று நாடே கொண்டாடியது. எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருபது முறைக்கு மேல் ஆடியிருக்கிறார்.

ஷூவுக்கும் சுருதி சேர்க்கலாம், தெரியுமா?
டேப் ஷூவின் முன்பாதத்தில் ஒரு உலோகத் தகடு, குதிகாலில் ஒன்று. திருகாணியைக் கொஞ்சம் முடுக்கினால் ஒரு ஒலி, தளர்த்தினால் வேறு ஒலி!

சினிமாவில் ஆடிய பெங்குவினின் கால்கள் யாருடையவை, தெரியுமா?
2006-ல் வந்த ‘ஹேப்பி ஃபீட்’ அனிமேஷன் படத்தில் குட்டிப் பெங்குவின் மம்பிள் ஆடியது டேப் மேதை சேவியன் குளோவரின் ஆட்டம். அவர் உடல் அசைவைக் கணினியில் பதிந்து பெங்குவினுக்குக் கொடுத்தார்கள்!

டேப் கலைஞர்களுக்கென்று ஒரு ‘தேசிய கீதம்’ உண்டு, தெரியுமா?
அதன் பெயர் ‘ஷிம் ஷாம்’. 1920-களின் கடைசியில் லெனர்ட் ரீடும் வில்லி பிரையன்ட்டும் அமைத்தது. இன்றும் டேப் விழாக்களின் முடிவில் மேதையும் மாணவரும் ஒன்றாக மேடையேறி இதை ஆடுகிறார்கள். பலர் ஆடும் வடிவத்தில் அதன் முதல் பகுதியிலேயே வருவது எது? நீங்கள் இப்போது கற்ற அதே ஷஃபிள் பால் சேஞ்ச்!

1878 மே 25 அன்று பிறந்தவர், படிக்கட்டில் ஏறி இறங்கியே டேப் ஆடி அசத்திய பில் ‘போஜாங்கிள்ஸ்’ ராபின்சன். அந்த நாள்தான் அமெரிக்காவில் தேசிய டேப் நடன நாள். அடுத்த மே 25-க்கு நீங்களும் தயாராகலாம். எழுந்திருங்கள், இடது காலில் நில்லுங்கள்… ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு!