தனியாள் கொம்பனியும் பதினாறு நாட்களும்

"தம்பி, நீர் வீட்டிலதானே நிக்கிறீர். கோயில் திருவிழாவுக்கு ஒரு இணையப் பக்கம் செய்து போடுமன்."

ஒஸ்லோவில் சொந்தமாக இணையத்தளம் வடிவமைத்துச் சீவிக்கும் தமிழர் எவரும் இந்த வசனத்தைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. நாமும் கேட்டிருக்கிறோம். மறுக்கத் தெரியாத குணத்தால் செய்தும் கொடுத்திருக்கிறோம். திருவிழா முடிந்ததும் ஒரு பொட்டலம் பிரசாதம் வரும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல புக்கை.

எமது வீடுகளில் வேலை என்றால் விடியற்காலையில் சாப்பாட்டுப் பெட்டியுடன் வெளியே இறங்குவது. போல்க்ஹோய்ஸ்கூல் வழியாக வந்து சேர்ந்தவர்களும், வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் கை விறைக்க மீன் வெட்டியவர்களும், பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து இரவிரவாகத் துப்பரவு வேலை செய்தவர்களும் அப்படித்தான் உழைத்தார்கள். நாமும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். அப்படிப்பட்ட சமூகத்தில், வீட்டு மூலையில் கணனிக்கு முன்னால் குந்தியிருப்பவன் உழைக்கிறான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எமது அயலவர் ஒருவர் பல வருடங்களாக நாம் சிக்மெல்டிங்கில் இருக்கிறோம் என்றே நினைத்திருந்தார்.

இத்தொழிலுக்கு நாம் வந்தது சஞ்சிகைப் பக்கம் ஒட்டிய பழக்கத்தால். கத்தரிக்கோல், பசை, போட்டோக்கொப்பி என்று இருந்தது கணனிக்கு மாறியபோது தமிழ் எழுத்துருக்கள் வந்தன. பாமினியில் அடித்த கட்டுரையை பாமினி இல்லாத இன்னொரு கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்களாகக் கொட்டுண்டு கிடக்கும். யூனிகோட்டில் 1991ஆம் ஆண்டே தமிழுக்கு இடம் கொடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது எமது மேசைக்கு வந்துசேரப் பத்து வருடங்களுக்கு மேல் பிடித்தது. அந்த இடைக்காலத்தை ஓட்டித் தந்தவர்கள் தனி மனிதர்கள். சுவிற்சர்லாந்தின் லோசானில் இரசாயன ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர்களில் முன்னின்றவரும் அவரே. அதிராம்பட்டினத்து உமர்தம்பி செய்த தேனீ எழுத்துரு, வாசிப்பவரின் கணனியில் தமிழ் இல்லாவிட்டாலும் பக்கத்தோடு தானே இறங்கிக் காட்சி தந்தது. அவர் 2006இல் காலமானார்.

இவர்களை நினைக்கும்போது எமக்கு நீண்டகாலம் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. இவ்வளவு பெரிய வேலைகளையே சும்மா கொடுத்தார்களே, ஒரு கடைக்குப் பக்கம் செய்துவிட்டு நாம் காசு கேட்பதா என்று. கல்யாணசுந்தரத்துக்குச் சம்பளம் தர ஒரு பல்கலைக்கழகம் இருந்தது என்பது எமக்குப் பிந்தித்தான் உறைத்தது. சும்மா கொடுப்பதற்கும் எங்கோ ஓரிடத்தில் சம்பளம் வரவேண்டும். எமது வீட்டில் அந்தச் சம்பளம் மனைவியுடையது.

ஒஸ்லோவில் இருந்துகொண்டு இத்தொழில் செய்பவருக்குப் பெருமைப்பட ஒரு காரணம் உண்டு. இன்று உலகத்தில் எந்த இணையப் பக்கமும் நிறமும் இடைவெளியும் எழுத்தளவும் பெறுவது ஸீஎஸ்எஸ் என்ற முறையால். 1994 ஒக்ரோபரில், ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி அதை முன்மொழிந்தவர் ஹோக்கன் வியூம் லீ என்ற நோர்வேஜியர். பின்னர் அவர் ஒஸ்லோவின் ஒப்ரா நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த ஒப்ராவை 1995இல் தொடங்கியவர்கள் ரெலினோர் ஆய்வுப் பிரிவில் வேலை செய்த இரண்டு பேர்: யொன் வொன் தெட்ஷ்னர், கெயர் ஈவார்ஸோய். ஈவார்ஸோய் 2006இல் புற்றுநோயால் இறந்தார். மூலவர் போனபின்பும் நிறுவனம் ஓடியது, ஏனென்றால் அதற்குள் பலர் இருந்தார்கள்.

தனியாள் கொம்பனியில் ஆள் விழுந்தால் கொம்பனியும் விழும். நாம் விழுந்தது 2017 ஜனவரியில், நிலையத்துப் படியடியில், கண்ணாடி போலிருந்த பனிக்கட்டியில். வலது மணிக்கட்டு முறிந்தது. வேறு கொம்பனியில் சம்பளத்துக்கு நிற்பவர் என்றால் சிக்மெல்டிங் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கலாம், முதல் நாளிலிருந்தே சம்பளம் வரும். சொந்தத் தொழில் செய்பவருக்கு அப்படியில்லை. முதல் 16 நாட்களுக்கு ஒரு குரோணரும் கிடையாது. பதினேழாம் நாளிலிருந்து அன்றைய சட்டப்படி 75 வீதம். 2019 ஒக்ரோபரிலிருந்து அது 80 வீதமாகியிருக்கிறது.

எதன் 75 வீதம்? நாம் கண் திறந்த இடம் இதுதான். அதற்கு முந்திய மூன்று வருடங்களில் வரித்துறைக்கு நாம் காட்டிய இலாபத்தின் சராசரியிலிருந்து கணக்குப் பார்த்தார்கள். நாமோ கணனி, கதிரை, ரெலிபோன் என்று கழிக்கக்கூடியதையெல்லாம் கழித்து, இலாபத்தைச் சுருக்கி, வரி குறைந்ததென்று சந்தோசப்பட்டவர்கள். போதாததற்கு இலவசமாகச் செய்தவையும் பாதி விலைக்குச் செய்தவையும் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆக எமது உழைப்பில் பாதியை நாவ் அலுவலகம் காணவேயில்லை. காணாத உழைப்புக்கு எப்படித் தருவார்கள்? மேலதிகமாகக் கட்டணம் கட்டி நாவ் மூலம் காப்புறுதி எடுத்தால் முதல் நாளிலிருந்தே கிடைக்கும் என்பதும், நூறு வீதமும் எடுக்கலாம் என்பதும் மாவுக்கட்டுக்குப் பிறகு படித்த பாடம். வேலை இழந்தவருக்குரிய டாக்பெங்கரும் எம்மைப் போன்றவர்களுக்கு வழமையில் இல்லை. இளையவர்கள் தொழில் பதியும்போதே இதை விசாரித்து வைப்பது நல்லது. பதிவதற்குச் சில நிமிடங்கள்தான் செல்லும், அது ஒரு பொறி மாதிரி.

அந்த நாட்களில் மனைவி முதியோர் இல்லத்தில் மேலதிகமாக இரவு வேலை எடுத்தார். ஒரு காலை வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதவடியில் இருந்தபடி சொன்னார்: "நீங்கள் கேக்காத காசைத்தான் நான் நித்திரை முழிச்சு உழைக்கிறன்."

அவர் சொன்னது எமது அலுமாரியில் கிடந்த பில்லுகளைப் பற்றி. ஒரு கடைக்காரர் ஒன்றரை வருடமாகக் காசு தரவில்லை. எந்தக் கடை என்பது இங்கு வேண்டாம். வீட்டு விசேசங்களில் சந்தித்துக்கொள்ளும் மனிதர். கண்டால் "பிறகு பார்ப்பம்" என்பார், நாமும் சிரிப்போம். நோர்வேஜிய வாடிக்கையாளர் என்றால் தவணை கடந்ததும் புரிங் கடிதம் அனுப்பியிருப்போம். அதற்குப் பின் இன்காசோ எச்சரிக்கை, பதினான்கு நாட்கள் அவகாசம். பிந்தியதற்கு வட்டி கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. நோர்வே வங்கியின் வட்டி வீதத்துக்கு மேல் 8 வீதம், ஆண்டுக்கு இருமுறை நிர்ணயிப்பார்கள். எல்லாம் தெரிந்தும் எம்மவருக்குப் புரிங் அனுப்பக் கை வரவில்லை. "காசுக்காக உறவைக் கெடுத்தவன்" என்ற பெயர் வந்துவிடுமே என்ற பயம். கையால் எழுத முடியாத பெப்ரவரியில், இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, முதலாவது புரிங்கை அனுப்பினோம். பத்தாம் நாள் காசு வந்தது. மனிதர் எம்மோடு கோபிக்கவுமில்லை. இவ்வளவு காலமும் அவர் மறந்துதான் போயிருந்தாரோ என்னவோ.

கை சுகமானதும் சில மாற்றங்கள் செய்தோம். வீட்டில் இருந்தால் "நிக்கிறீர்தானே" தொடரும் என்பதால் காலையில் நாமும் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். 2020இல் பியர்விக்காவில் புதிய டைக்மன் நூலகம் திறந்தபின் அதுவே எமது கந்தோர். காசில்லாத மேசை, இணையம், ஜன்னலுக்கு வெளியே கடல். வேலையும் ஒழுங்காக நகர்ந்தது. தனிமை குறைந்ததென்று சொல்லமாட்டோம். பேசாத சுபாவம் உள்ளவர்களே இத்தொழிலை விரும்பி வருகிறார்கள், வந்தபின் வேலையில் பாதி பேச்சாகவே இருக்கிறது. சிவப்புப் பின்னணியில் பொன்னெழுத்து வேண்டுமென்று நிற்கும் கடைக்காரருக்கு, கண்பார்வை குறைந்தவரும் வாசிக்கக்கூடியதாகப் பக்கம் இருக்கவேண்டும் என்பது இங்கு சட்டம் என்று விளக்கவேண்டும். புதிய தளங்களுக்கு 2014 யூலையிலிருந்தும், பழையவை உட்பட எல்லாத் தளங்களுக்கும் 2021 தொடக்கத்திலிருந்தும் அது பொருந்துகிறது. பின்னணிக்கும் சாதாரண எழுத்துக்கும் இடையே 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும். பளிச்சென்ற சிவப்பில் பொன் தேறாது. "எங்கட மங்களகரத்துக்கு வெள்ளையன்ர சட்டமோ" என்று கேட்டவரும் உண்டு. அரக்குச் சிவப்புக்கு இறங்கி வந்தார், எழுத்தும் தேறியது.

கடந்த மாதம் திருவிழாக்கார அண்ணை திரும்பவும் ரெலிபோன் எடுத்தார். பக்கத்தைப் புதுப்பிக்கவேண்டுமாம். எத்தனை மணித்தியால வேலை என்று சொல்லி, விலையையும் சொன்னோம். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. நாமும் வழமைபோல அவசரப்பட்டுக் குறைத்துச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

"மொம்ஸும் சேர்த்தோ, இல்லாட்டி அது வேறயோ?" என்று கேட்டார் அண்ணை.