குறுக்கே ஓடும் குவார்க்

கோலி விளையாடியிருப்பீர்கள். சும்மா கிடக்கும் கோலியை நேருக்கு நேர் அடித்தால் நேராக ஓடும். அடிபடும் நொடியில் அது குறுக்கே உருண்டுகொண்டிருந்தால்? சாய்வாகப் போகும். அந்தச் சாய்வை அளந்தால், அடிபடுமுன் அதற்கு இருந்த குறுக்கு வேகம் தெரிந்துவிடும்.

புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்கும் சும்மா கிடப்பதில்லை. அவ்வளவு சின்ன இடத்தில் அடைபட்ட எதுவும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். குவாண்டம் இயற்பியலின் விதி அது. குவார்க்கின் குறுக்கோட்டத்தை எப்படி அளப்பது?

ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரின் டெசி ஆய்வுக்கூடத்தில், தரைக்கடியில் 6.3 கி.மீ. சுற்றளவுள்ள ஒரு வளையம். 1995 முதல் 2007 வரை ஹெர்மிஸ் என்ற சோதனை அங்கே நடந்தது. வளையத்தின் ஓரிடத்தில் 40 செ.மீ. நீளக் குழாய், இரண்டு முனையும் திறந்தே இருக்கும். அதற்குள் ஹைட்ரஜனைச் செலுத்துவார்கள். ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரே ஒரு புரோட்டான்தானே! வளையத்தில் சுற்றிவரும் பாசிட்ரான்கள் (எலெக்ட்ரானின் எதிர்த்துகள்கள்) குழாய்க்குள் பாய்ந்து போகும். மோதிய பாசிட்ரான் எவ்வளவு திரும்பியது என்று பார்த்தால், குவார்க்கின் மேல் அடி விழுந்த திசை தெரியும்.

ஆனால் அடிபட்ட குவார்க் தனியாக வெளியே வராது. வழியிலேயே புதுக் குவார்க்குகள் பிறந்து ஒட்டிக்கொள்ள, கருவிக்கு வந்து சேர்வது பையான் போன்ற துகள்களே. அடி விழுந்த திசையிலிருந்து பையான் எவ்வளவு விலகியது என்பதுதான் தடயம். அந்த விலகலிலும் ஒரு பங்கு, பையான் உருவாகும்போது சேர்ந்தது. அதைத் தனியே அறிய ஜப்பானின் பெல் சோதனை உதவியது. அங்கே எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி அழியும், புரோட்டானே கிடையாது.

ஹெர்மிஸில் இன்னொரு அருமையான வேலை செய்தார்கள். புரோட்டான்களின் தற்சுழற்சியைப் பாசிட்ரான் கற்றைக்குக் குறுக்காக நிறுத்தி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நேர்மின் பையான்கள் ஒரு பக்கம் சற்றே அதிகமாக வந்தன. சுழற்சியைத் திருப்பியதும் அந்தப் பக்கமும் மாறியது! குவார்க்கின் குறுக்கோட்டம் புரோட்டானின் சுழற்சியோடு பிணைந்திருக்கலாம் என்று 1990இல் டெனிஸ் சிவர்ஸ் சொல்லியிருந்தார். 2005இல் வெளியான ஹெர்மிஸ் முடிவு அதற்குச் சான்றாக நின்றது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பையான்களின் இந்தப் பக்கச் சாய்வில் இன்னொன்றும் சேர்கிறது: வெளியேறும் குவார்க்கை மிச்சப் புரோட்டான் பிடித்து இழுக்கிறது. குவார்க் வெளியேறும்போது அல்லாமல், மோதலுக்குள் வரும்போதே இழுபடுகிற வகை மோதல்களில் சாய்வின் பக்கம் மாறவேண்டும் என்கிறது கணக்கு. செர்ன் ஆய்வுக்கூடத்தின் காம்பஸ் சோதனை அதைத் தேடி 2017இல் வெளியிட்ட முதல் முடிவு, அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.