மர வில்லை ஏன் வெடிக்கிறது?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்து ஓய்ந்தபோது, தாம்பரம், வண்டலூர் பக்கமெல்லாம் மரங்கள் சாய்ந்து கிடந்தன. அப்படி விழும் வேப்பங்கிளையை வில்லை வில்லையாக அறுத்தால் டம்ளர் வைக்கும் கோஸ்டர் தயார். (டபராவில் காபி குடிப்பவருக்கு அது தேவையே இல்லை; ஐஸ் தண்ணீர் டம்ளருக்குத்தான்.) ஆனால் சில நாளிலேயே பட்டையிலிருந்து நடு வரை, கேக்கில் துண்டு எடுத்ததுபோல ஒரு பிளவு விழும். ஏன்?

ஈரம் போகப்போக மரம் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அல்ல. வளையங்களின் போக்கில் சுமார் 8 சதவீதம் சுருங்கினால், மையத்திலிருந்து விளிம்பு நோக்கி அதில் பாதிதான். கணக்குப் போடுங்கள்: 10 செ.மீ. விட்டமுள்ள வில்லையின் சுற்றளவு 31.4 செ.மீ. காய்ந்தபின் விட்டம் 9.6 ஆகிறது, அதைச் சுற்றிவர 30.2 செ.மீ. வேண்டும். மிஞ்சியிருப்பதோ 28.9. அந்த ஒன்றேகால் செ.மீ. பற்றாக்குறைதான் பிளவு.

தப்பிக்க வழி? கிளையைச் சாய்வாக அறுத்தால் ஓரளவு பலன் உண்டு. வெயிலில் மட்டும் போடாதீர்கள். செய்தித்தாளில் சுற்றி, நிழலில் வாரக்கணக்கில் மெதுவாக உலர்த்துங்கள். பிறகு உப்புத்தாள் தேய்த்து, இரு முகத்திலும் வார்னிஷ். குறுக்கே அறுத்த முகம் முழுக்க நுண்குழாய்களின் வாய்கள். பூசாமல் விட்டால் டம்ளர் வியர்வையை உறிஞ்சிக் கறுத்துவிடும்.

அப்படியும் நாலில் ஒன்று வெடிக்கலாம். எனக்கென்னவோ வெடித்ததுதான் அழகு.