கைபேசியில் உடை அலங்கார வகுப்பு: குறைந்த முதலில் ஒரு சுயதொழில்

மூணாறு, பீர்மேடு தோட்ட லயங்களிலும், பாலக்காட்டு எல்லையிலுள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளிலும் தையல் தெரிந்த தமிழ்ப் பெண்கள் உண்டு. தைத்துக் கொடுத்தால் கூலி கிடைக்கும். யாருக்கு எந்த உடை பொருந்தும் என்று கற்றுக் கொடுத்தால் அதுவும் ஒரு தொழிலே. கைபேசி வழியாக நடத்தினால் கடை வாடகை இல்லை.

நம் மக்கள் உடுத்துவதே பாடமாக இருக்கட்டும். ஓணத்துக்கு வாங்கும் கசவுச் சேலைக்கு எந்த நிற ரவிக்கை எடுக்கும்? நெகமம் பருத்திச் சேலையை மடிப்புக் கலையாமல் கட்டுவது எப்படி? உயரம் குறைந்தவருக்குச் சிறு கரை ஏன் பொருந்துகிறது? இப்படி எட்டுப் பாடங்கள் போதும்.

கட்டணம் ஒரு நாள் கூலியைத் தாண்ட வேண்டாம். 300 ரூபாய் வீதம் 20 பேர் என்றால் 6,000 ரூபாய். அதற்கு மேல் ஆள் சேர்த்தால், அவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்துத் திருத்த நேரம் இராது. வெறும் பாடம் இலவச வீடியோக்களிலேயே கிடைக்கிறது. திருத்தத்துக்குத்தான் பணம் தருகிறார்கள். மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காத இடங்களுக்குப் பாடத்தைச் சிறு வீடியோவாகப் பதிந்து அனுப்பலாம்.

உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. தையல் தொழில் செய்வோர், 2023-ல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் பயிற்சிக்கும், தகுதி இருந்தால் 5 சதவீத வட்டியில் ஈடில்லாக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். எனினும், முதல் வகுப்பைக் கடன் வாங்காமல் நடத்திப் பார்ப்பதே நலம்.